காவிரி: காலாவதியான ஒப்பந்தமும் 44 ஆண்டுக் காத்திருப்பும்

போன வாரம் விடுதியில் காவிரி பற்றிப் பேச்சு வந்தது. "1924 ஒப்பந்தம் 50 வருஷத்துல காலாவதி ஆயிடுச்சே, அப்புறம் உங்களுக்கு என்ன உரிமை?" என்று கேட்டான் பெங்களூர் நண்பன். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அதன்பின் தேடிப் படித்ததுதான் இந்தப் பதிவு.

முதல் ஒப்பந்தம் 1892-இல் சென்னை மாகாணத்துக்கும் மைசூர் சமஸ்தானத்துக்கும் இடையே ஏற்பட்டது. காவிரியில் மைசூர் புதிய அணை கட்டுவதென்றால் சென்னையின் முன் இசைவு வேண்டும் என்றது அது. பின்னர் கண்ணம்பாடியில் அணை கட்ட மைசூர் முனைந்தபோது தகராறு வந்தது. 1914-இல் நடுவர் தந்த தீர்ப்பைச் சென்னை ஏற்கவில்லை. நீண்ட பேச்சுக்குப் பின் 1924 பிப்ரவரி 18 அன்று இரண்டாவது ஒப்பந்தம் கையெழுத்தானது. மைசூருக்குக் கிருஷ்ணராஜ சாகர், சென்னைக்கு மேட்டூர் அணை (93.5 டி.எம்.சி. கொள்ளளவு, 1934-இல் முடிந்தது). முக்கியமான சில பிரிவுகளை 50 ஆண்டு கழித்து மறுபரிசீலனை செய்யலாம் என்றும் எழுதி வைத்தார்கள்.

1974 வந்தது. புதிய உடன்பாடு வரவில்லை! அதற்கு முன்பே கர்நாடகம் கபினி, ஹேமாவதி, ஹாரங்கி அணை வேலைகளைத் தொடங்கியிருந்தது.

இத்தகைய தகராறுகளுக்கென்றே 1956-இல் மாநிலங்களுக்கிடையிலான நதிநீர்த் தகராறுகள் சட்டம் இயற்றப்பட்டிருந்தது. பேச்சில் தீராவிட்டால் மத்திய அரசு நடுவர் மன்றம் அமைக்க வேண்டும். தகராறை நீதிமன்றங்கள் விசாரிக்கக் கூடாது என்கிறது அந்தச் சட்டம். வேடிக்கை என்னவென்றால், காவிரியில் ஏறக்குறைய ஒவ்வொரு படியும் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் நகர்ந்தது.

கணக்குப் பாருங்கள். தஞ்சை விவசாயிகள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகே 1990-இல் நடுவர் மன்றம் அமைந்தது: 16 ஆண்டுகள். இறுதித் தீர்ப்பு 2007-இல்: இன்னும் 17. அது அரசிதழில் வெளியானது 2013-இல்: இன்னும் 6. மேல்முறையீடு முடிந்தது 2018-இல்: இன்னும் 5. மொத்தம் 44 ஆண்டுகள்!

இந்தத் தாமதத்துக்கு விலை கொடுத்தவர்கள் சாதாரண மக்கள். 1991-இல் நடுவர் மன்றம் தமிழகத்துக்கு ஆண்டுக்கு 205 டி.எம்.சி. தர இடைக்கால ஆணையிட்டது. அதை முறியடிக்கக் கர்நாடகம் கொண்டுவந்த அவசரச் சட்டம் செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். அந்த டிசம்பரில் ஆணை அரசிதழில் வந்ததும் கர்நாடகத்தில் கலவரம் வெடித்தது. தமிழர்கள் பலர் வீடு வாசலை விட்டு ஓடினார்கள். இந்தப் பக்கம், ஜூன் 12 அன்று மேட்டூர் திறக்காத ஆண்டுகளில் டெல்டாவில் குறுவை பெரிதும் பாதிக்கப்பட்டது.

2007 தீர்ப்பு 740 டி.எம்.சி. நீரைப் பங்கிட்டது: தமிழகம் 419, கர்நாடகம் 270, கேரளம் 30, புதுச்சேரி 7, மீதி சுற்றுச்சூழலுக்கும் கடலுக்கும். பிலிகுண்டுலுவில் கர்நாடகம் விடவேண்டிய 192 டி.எம்.சி.யை 2018-இல் உச்ச நீதிமன்றம் 177.25 ஆகக் குறைத்தது. பெங்களூரின் குடிநீரும் டெல்டாவின் நிலத்தடி நீரும் அதற்குக் காரணங்கள். தமிழகத்துக்கு இழப்புதான். ஆனால் அதே ஆண்டு ஜூனில் காவிரி மேலாண்மை ஆணையம் வந்தது. அளவு எழுதிய தாள்கள் முன்பே இருந்தன. அதை அளந்து விடச் சொல்லும் வலுவான அமைப்புதான் இல்லாமல் இருந்தது.

இப்போது நண்பனுக்குப் பதில். ஒப்பந்தம் 1974-இல் முடிந்தது என்று உச்ச நீதிமன்றமே 2018-இல் சொல்லிவிட்டது; அதில் நீ சொன்னது சரி. ஆனால் எந்த மாநிலமும் நதியைத் தனக்கே சொந்தம் என்று கொண்டாட முடியாது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. கீழே இருப்பவனின் உரிமை ஒப்பந்தத் தாளோடு முடிந்துவிடவில்லை.

மழை பொய்த்த 2023-இல் இரு பக்கமும் மறுபடி போராட்டம் நடந்தது. நல்ல மழை ஆண்டில் சண்டையே வருவதில்லை. பற்றாக்குறையை எப்படிப் பங்கிடுவது என்பதில்தான் இன்னும் மனம் ஒத்துப்போகவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?