சிறுதொழிலும் கைம்முதலும்



ஒரு நாட்டின் பொருளாதார அபிவிருத்தியைப் பற்றிப் பேசப் புகுவோர் துறைமுகங்களையும், இருப்புப்பாதைகளையும், பெருந்தோட்டங்களையும் எடுத்துக்காட்டுதல் வழக்கம். தச்சன் மரம் வாங்குதற்கும், நெசவாளி நூல் வாங்குதற்கும், கமக்காரன் பசளை வாங்குதற்கும் வேண்டிய சிறுதொகை எங்கிருந்து வந்தது, எந்த நிபந்தனையோடு வந்தது என்னும் வினாவைச் சரித்திர நூல்கள் பெரும்பாலும் எழுப்புவதில்லை. இத்தகைய எளியோரின் கைக்குக் கைம்முதல் எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதை நமது இலங்கையின் வரலாற்றிலிருந்து இன்று ஆராய்வோம்.

வங்கிகள் தோன்றுமுன்னரே நம்மிடையே கொடுக்கல் வாங்கல் இருந்தது. ஒல்லாந்தர் காலத்தில், 1707ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பெற்ற தேசவழமையில் ஒற்றி பற்றிய விதிகள் உள. காணிக்காரன் பணத்தைப் பெற்றுக்கொண்டு காணியைக் கடன் கொடுத்தவனிடம் ஒப்படைப்பான். வட்டிக்குப் பதிலாகக் காணியின் விளைவைக் கடன் கொடுத்தவன் அனுபவிப்பான். முதலைத் திருப்பிக் கொடுத்தாலன்றிக் காணி மீளாது. கடனைத் தீர்ப்பதற்குரிய வருவாயைத் தரவேண்டிய நிலமே கைவிட்டுப் போய்விடுதலின், ஏழைக் கமக்காரனுக்கு மீட்சி அரிதாயிற்று.

சீட்டு முறை இதற்கு மாறானது. இருபது பேர் கூடி, மாதந்தோறும் ஆளுக்குப் பத்து ரூபா போட்டால் இருநூறு ரூபா சேரும். அதை முறைப்படி ஒவ்வொருவரும் எடுப்பர். நிலமும் நகையும் ஈடு கேட்கப்படுவதில்லை. அயலவரின் நம்பிக்கையே பிணை. ஆயினும் அந்த இருபது பேரின் சேமிப்பைக் கடந்து அது வளர மாட்டாது. விதைக்கும் பருவத்தில் பணம் வேண்டியவனுக்கு அறுவடைக்குப் பின்னர் சீட்டு விழுதலும் உண்டு.

ஆங்கிலேயர் ஆட்சியில் கோப்பித் தோட்டங்களோடு வங்கிகளும் வந்தன. அவை தோட்டச் சொந்தக்காரரையும் ஏற்றுமதி, இறக்குமதிக் கம்பெனிகளையுமே நாடின. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. கோப்பியை நம்பியிருந்த ஓரியன்டல் வங்கி 1884 மே 3ஆந் தேதி கதவடைத்தது. பின்னர் தேயிலை வந்தது. ஆனால் வங்கிகளின் நோக்கு மாறவில்லை. சுதேச வியாபாரி ஒருவன் வங்கியின் வாயிலை அணுகுதல் எளிதன்று.

அந்த இடைவெளியை நிரப்பியோர் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். வங்கியின் சிறாப்பர் பிணை நிற்க, அவர்கள் வங்கியிடம் கடன் பெற்று, அதனோடு தம் முதலையுஞ் சேர்த்து, உள்ளூர் வியாபாரிக்கும் தென்னந்தோட்டக்காரனுக்கும் கூடிய வட்டிக்குக் கொடுத்தனர். அவர்களைப் பழித்துரைப்போர் பலர். ஆயினும் வங்கி ஏறெடுத்தும் பாராத மனிதனை அறிந்து கடன் கொடுத்தவர் அவர்களே என்பதையும் நாம் மறத்தலாகாது. 1925இல் செட்டியார் கடை ஒன்று முறிந்ததும் வங்கிகள் கையை இறுக்கத் தொடங்கின. 1929இல் தொடங்கிய உலகப் பெருமந்தம் அந்த நெருக்கடியை முற்றச் செய்தது. மேலே வங்கி கொடுக்க மறுத்ததும் கீழே செட்டியார் கொடுத்த கடனைக் கேட்டார். கொடுக்க இயலாதவரின் தோட்டங்கள் கைமாறின.

இந்நிலையை ஆராய, சொராப்ஜி பொச்கானவாலா தலைமையில் அமைந்த வங்கி விசாரணைக்குழு 1934இல் தன் அறிக்கையை வெளியிட்டது. அதன் பயனாக 1939 ஆகஸ்ட் முதலாந் தேதி இலங்கை வங்கி திறக்கப்பெற்றது. சுதேச வர்த்தகருக்கு அஃது ஒரு பெரும் வாயில். எனினும் கிராமத்துத் தச்சனுக்கு அந்த வாயிலும் தொலைவிலேயே இருந்தது.

கிராமத்துக்குரிய வழி வேறொரு திசையிலிருந்து வந்தது. ஜெர்மனி தேசத்தில் ரைபைசன் என்னும் நகராதிபதி, கமக்காரர் கந்துவட்டியால் நலிவதைக் கண்டு, 1864இல் ஹெட்டஸ்டோர்ப் என்னுமிடத்தில் கடன் சங்கமொன்றை நிறுவினார். சென்னை அரசாங்கத்தின் பணிப்பின்பேரில் பிரடெரிக் நிக்கல்சன் இம்முறையை ஆராய்ந்து, 1895இலும் 1897இலும் அறிக்கைகள் தந்தார். 1904இல் இந்தியாவிலும், 1911இல் இலங்கையிலும் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான சட்டங்கள் இயற்றப்பெற்றன.

அச்சங்கத்தின் இயல்பைச் சிறிது நோக்குவோம். ஒரு கிராமத்தவர் மட்டுமே அங்கத்தவர். ஒருவன் கடனை இறுக்காவிடின் எல்லோரும் தத்தம் உடைமையால் பொறுப்பேற்றல் வேண்டும். இதனை வரையறையற்ற பொறுப்பு என்பர். ஆதலால் கடன் கேட்பவன் எருது வாங்கக் கேட்கிறானா, கலியாணச் செலவுக்குக் கேட்கிறானா என்று கூட்டத்திலே விசாரித்தனர். விசாரித்தோர் அயலவரே, தீர்மானித்தோரும் அவரே. கட்டிய வட்டியும் சங்கத்தின் ஒதுக்கு நிதியாய் ஊரிலேயே தங்கிற்று. உறவும் பகையும் நீதியைக் கெடுத்த சங்கங்களும் இருந்திருக்கும். எனினும் முறை நல்ல முறை.

யாழ்ப்பாணத்துப் புகையிலைச் செய்கையில் இதன் பயனைக் காணலாம். வியாபாரியிடம் முற்பணம் வாங்கிய கமக்காரன் அவன் சொன்ன விலைக்கே புகையிலையை விற்க நேர்ந்தது. 1930களில் எழுந்த யாழ்ப்பாண மலையாளப் புகையிலைக் கூட்டுறவு விற்பனைச் சங்கம், திருவிதாங்கூருக்குப் போகும் புகையிலையை ஒன்றுசேர்த்து விற்கும் பணியை மேற்கொண்டது. கடனும் விற்பனையும் தனி வியாபாரி ஒருவன் கையில் இருந்த காலத்திற்கு இது மாற்றாயிற்று. கடன் கொடுத்தலோடு விற்பனைக்கும் வழி செய்தாலன்றிச் சிறுதொழில் நிமிராது என்பது இதனாற் பெறப்படும்.

இரண்டாம் உலக யுத்த காலத்தில் கூட்டுறவுத் துறை பங்கீட்டு அரிசியும் சீனியும் வழங்கும் பணிக்குத் திரும்பிற்று. மக்கள் வாயில் சங்கமென்றால் சங்கக்கடை என்றாயிற்று. 1957இல் பலநோக்குச் சங்கங்களும், 1961இல் மக்கள் வங்கியும், 1964 முதல் கூட்டுறவுக் கிராமிய வங்கிகளும் தோன்றின. பழைய சிக்கனக் கடனுதவிச் சங்கங்களுக்கு 1978இல் கேகாலை மாவட்டத்து வல்கமவிலிருந்து கிரிவந்தெனிய புத்துயிர் ஊட்டினார். சணச இயக்கம் எனப்படுவது அதுவே.

இனி அண்மைக் காலத்திற்கு வருவோம். 2009இல் போர் முடிந்தபின் வடக்கு, கிழக்குக் கிராமங்களுக்கு நுண்நிதிக் கம்பெனிகள் பல வந்தன. அவையும் பெண்களைக் குழுவாகச் சேர்த்து, ஒருவருக்கொருவர் பிணை நிற்கச் செய்தன. புறத்தோற்றத்தில் இது பழைய சங்கத்தையே ஒத்தது. ஆனால் பிணை நின்றவருக்குக் கடனைத் தீர்மானிக்கும் உரிமை இல்லை. வட்டியும் ஊரில் தங்கவில்லை. போகத்துக்கு ஒருமுறை வருவாய் காணும் வீட்டில் வாரந்தோறும் தவணை கேட்கப்பட்டது. ஒரு கடனை இறுக்க மற்றொரு கடன் பெற்றனர். சுமை தாளாது உயிர் துறந்தோரும் உளர். 2016இல் நுண்நிதியளிப்புச் சட்டம் வந்தது. 2018இல், வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபா வரையான கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் வழங்க முன்வந்தது. ஆண்டு வட்டிக்கு நூற்றுக்கு 35 என வரம்பும் விதிக்கப்பட்டது. வரம்பே அவ்வளவாயின், அதற்கு முன்னைய நிலையை நேயர்களே உய்த்துணர்வர்.

இச்சரித்திரம் உணர்த்துவது யாது? சிறுதொழிலுக்குப் பணம் கிடைத்தால் மட்டும் நாடு வளர்ந்துவிடாது. ஒற்றியிலும் பணம் கிடைத்தது, நுண்கடனிலும் கிடைத்தது. பொறுப்பைச் சுமப்பவனுக்கே தீர்மானிக்கும் உரிமையும் இருந்த இடத்தில்தான் கடன் தொழிலாக மாறிற்று. ஆகவே நமது ஊருக்குப் புதிய கடன் திட்டம் ஒன்று வரும்போது, எவ்வளவு தருவார்கள் என்று கேட்பதற்கு முன்னே, தீர்மானிப்பவர் யார், வட்டி எங்கே போகிறது, தவணை நம் தொழிலின் பருவத்தோடு பொருந்துமா என்று கேட்டறிதல் வேண்டும். கையொப்பமிடுமுன் கேட்கவேண்டிய கேள்விகள் இவை. நமது வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் இவற்றைக் கேட்கப் பழகுதல் நலம்.