ஐம்பத்தைந்து விநாடி

பிரான்சு நாட்டைச் சுற்றி ஓடும் துவிச்சக்கர வண்டிப் பந்தயம், 1903ஆம் ஆண்டில் ஒரு பத்திரிகையின் விற்பனையைப் பெருக்கும் பொருட்டுத் தோன்றியது. அதன் வரலாற்றில் 1964ஆம் ஆண்டுப் போட்டிக்கு ஈடானது அரிது. முன்னரே நான்கு முறை வென்றிருந்த ஜாக் ஆங்க்தீல் ஒருபுறம். குத்தகை உழவரின் மகனான ரேமோன் பூலிதோர் மறுபுறம். வென்றவர் முன்னவரே, மக்கள் நெஞ்சில் இடம் பெற்றவரோ பின்னவர்.

மொனாக்கோவில், எல்லையைத் தொட்டுவிட்டதாக எண்ணிப் பூலிதோர் ஓய்ந்தார். இன்னும் ஒரு சுற்று எஞ்சியிருந்தது! அன்று முதல்வராய் வந்த ஆங்க்தீலுக்கு ஒரு நிமிடச் சலுகை கிடைத்தது.

ஜூலை 12ஆம் நாள் புய் தெ தோம் என்னும் அவிந்த எரிமலை குறுக்கிட்டது. வத்தளையிலிருந்து கண்டிக்குப் புறப்பட்டு, கடுகண்ணாவ ஏற்றத்தில் வண்டியைத் தள்ளிச் சென்றவர்களுக்கு அத்தகைய மலையின் கொடுமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. இருவரும் தோளோடு தோள் உரச ஏறினர். உச்சியை நெருங்குகையில் ஆங்க்தீல் தளர்ந்து பின்தங்கினார். ஆயினும், மொத்தக் கணக்கில் 14 விநாடி முன்னிலை அவர் கையில் எஞ்சியது. இரண்டு நாட்களின் பின் பாரிசில் அது 55 விநாடியாயிற்று. மொனாக்கோவிற் கைநழுவிய நிமிடத்திலும் அது சிறிது!

பூலிதோர் 1976 வரை அப்பந்தயத்தில் ஓடினார். முன்னணி வீரருக்குரிய மஞ்சட் சட்டையை ஒருநாளேனும் அணிந்தாரல்லர்.