இடைச்செருகல்: ஏட்டிலிருந்து கணினிவரை

ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்த அறிஞரை அலைக்கழித்த சிக்கல்களுள் இடைச்செருகலும் ஒன்று. படியெடுப்போன் தன் பாடலைப் புலவன் பாடலிடையே எழுதிவிடின், பின்வருவோர்க்கு இரண்டும் ஒருவர் வாக்காகவே தோன்றும். கம்பராமாயணத்துள் இவ்வாறு புகுந்தவற்றை வெள்ளிபாடல் என வழங்குவர். கணினித் தரவுத்தளங்களை இன்று அலைக்கழிக்கும் ‘எஸ்.கியூ.எல். இடைச்செருகல்’ இதற்கு நெருங்கிய உறவினதே.

கொடிகாமச் சந்தையை வைத்தே இதனை விளக்கலாம். தேங்காய் வியாபாரி ஒருவர், “வருபவர் பெயர் இன்னது, இவருக்கு நூறு தேங்காய் கொடுக்கவும்” என ஒரு துண்டு எழுதி, பெயரை மட்டும் வருபவரே நிரப்புமாறு விடுகிறார் என்க. வந்தவர் பெயருக்குரிய வெற்றிடத்தில், “கந்தன், இவருக்குக் கிட்டங்கித் திறப்பையும் கொடுக்கவும்” என எழுதிவிடுகிறார். கிட்டங்கியில் நிற்பவருக்கு எது பெயர், எது முதலாளியின் கட்டளை என்பது தெரியாது. திறப்பைக் கொடுத்துவிடுவார். இணையப் படிவத்தில் இந்த வேலையைப் பெரும்பாலும் ஓர் ஒற்றை மேற்கோட்குறியே செய்கின்றது. அக்குறி பெயரை முடித்துவைக்க, அதன் பின்வருவனவெல்லாம் கட்டளையாக வாசிக்கப்படுகின்றன.

எஸ்.கியூ.எல். மொழியின் முதல் வடிவத்தை ஐ.பி.எம். நிறுவனத்தைச் சார்ந்த டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பொய்ஸும் 1974இல் வெளியிட்டனர். தரவுத்தளம் அலுவலகச் சுவருக்குள் இருந்தவரை இக்குறை பெரிதாகத் தோன்றவில்லை. முன்பின் அறியாதோரும் படிவம் நிரப்பும் இணையக்காலம் வந்ததும் நிலைமை மாறிற்று. 1998 டிசெம்பரில் ‘பிராக்’ என்னும் மின்னிதழில் ஜெவ் போரிஸ்டல் புனைபெயரில் எழுதிய கட்டுரையே இதனை வெளிப்படையாக விளக்கிய முதற் கட்டுரையெனப் பலரும் கொள்வர். (கொடிகாமத்தின் ஊடாகப் புகையிரதமே ஓடாதிருந்த காலம் அது.)

வியப்பு யாதெனில், நோய் விவரிக்கப்படுமுன்னரே மருந்து இருந்தமையாகும். கட்டளையின் அமைப்பைத் தரவுத்தளத்திடம் முதலிலேயே ஒப்படைத்து, பெயர் முதலானவற்றைப் பின்னர் தனியே அனுப்பும் முறை 1997இல் ஜாவா மொழியிலேயே கிடைத்தது. இம்முறையில் வெற்றிடத்தில் எதை எழுதினாலும் அது பெயராகவே கொள்ளப்படும். மேற்கோட்குறிகளை மட்டும் வடிகட்டுதல் போதாது. எண்ணுக்குரிய இடத்தில் நஞ்சு புகுவதற்குக் குறியே வேண்டியதில்லை. மேலும், தேங்காய் கொடுப்பவர் கையில் திறப்பு இருக்கவும் வேண்டியதில்லை; நிரலுக்கு அதன் பணிக்கு வேண்டிய உரிமை மட்டுமே வழங்கப்படல் வேண்டும்.

ஆயினும், நம்மவர் பலர் வாழும் பிரித்தானியாவில் 2015 ஒக்ரோபரில் ‘ரோக்ரோக்’ தொலைத்தொடர்பு நிறுவனம் இதே வழியால் தாக்கப்பட்டது. 156,959 வாடிக்கையாளரின் விபரங்கள் களவாடப்பட்டன. அவருள் 15,656 பேரின் வங்கிக்கணக்கு விபரங்களும் பறிபோயின. தாக்குதலுக்குள்ளான பக்கங்கள், வேறொரு நிறுவனத்தை 2009இல் வாங்கியபோது உடன்வந்த பழைய சொத்து. அவை உள்ளமையையே நிறுவனம் அறிந்திருக்கவில்லை. தரவுத்தள மென்பொருளின் குறைக்குரிய திருத்தமோ மூன்றரை ஆண்டுகளுக்கு முன்பே வெளிவந்திருந்தது. இவ்வழக்கில் பதினேழு வயதுச் சிறுவன் ஒருவன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். செய்தித்தாள்கள் அவன் வயதையே பெரிதாகப் பேசின. என் கருத்தில், பேசப்பட வேண்டியது அந்த மூன்றரை ஆண்டுகளே. பிரித்தானியத் தகவல் ஆணையாளர் 2016இல் நிறுவனத்துக்கு நான்கு இலட்சம் பவுண் தண்டம் விதித்தார்.

நம் நாட்டில் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் ஊடுருவுவோனைக் குறிவைத்தே எழுந்தது. தரவை வைத்திருப்போனுக்கும் அதனைக் காக்கும் கடப்பாட்டை விதிக்கும் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், 9ஆம் இலக்கமாக, 2022இலேயே நிறைவேறிற்று.