மஞ்சள் தூள், எலுமிச்சை, சமையல் சோடா: வீட்டிலேயே செய்யும் வேதியியல் சோதனைகள் - எதை எதோடு கலக்கவே கூடாது?

வெள்ளைச் சட்டையில் குழம்பு சிந்திவிடுகிறது. சோப்புப் போட்டுத் தேய்த்தால், மஞ்சள் கறை போவதற்குப் பதிலாகச் சிவப்பாகிறது. நன்றாக அலசியதும் மறுபடி மஞ்சள்! பயப்பட வேண்டாம், சட்டை கெட்டுப்போகவில்லை. பள்ளி ஆய்வகத்தில் லிட்மஸ் தாளில் பார்த்த அதே சோதனைதான் உங்கள் சட்டையிலும் நடந்திருக்கிறது.

இப்படி வீட்டில் இருக்கும் பொருட்களை வைத்தே பிள்ளைகளோடு செய்து பார்க்கக்கூடிய சோதனைகள் நிறைய உண்டு. ஆனால், அதே வீட்டின் குளியலறை அலமாரியில், ஒன்றாகக் கலந்தால் நச்சு வாயு கிளம்பும் இரண்டு பாட்டில்களும் இருக்கலாம். எதைச் செய்யலாம், எதைத் தொடவே கூடாது? பார்ப்போம்.

சோதனை 1: மஞ்சள் ஏன் சிவக்கிறது?

மஞ்சளுக்கு நிறம் தருவது குர்குமின். காரப் பொருள் பட்டால் அதன் மூலக்கூறு மாறி, செம்பழுப்பு நிறமாகிவிடும். சோப்பு ஒரு காரம். ஆரத்தி கரைக்கும்போது மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு சேர்த்ததும் சிவப்பது இதனால்தான்.

செய்முறை: ஒரு ஸ்பூன் மஞ்சள் தூளைத் தண்ணீரில் குழைத்து, வடிகட்டும் தாளிலோ, தண்ணீரை உறிஞ்சும் வேறு வெள்ளைத் தாளிலோ தடவிக் காய வையுங்கள். சின்னத் துண்டுகளாக வெட்டி, ஒன்றின் மீது சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விடுங்கள். சிவக்கும். அதே இடத்தில் எலுமிச்சைச் சாறு விட்டால் மஞ்சளுக்குத் திரும்பும்.

ஒரு குறை உண்டு. வெறும் தண்ணீர் பட்டாலும், எலுமிச்சை பட்டாலும் மஞ்சள் தாள் மஞ்சளாகவே இருக்கும். அமிலத்தைத் தனியாகக் கண்டுபிடிக்க, செம்பருத்தி இதழ்களை வெந்நீரில் ஊறவைத்த சாறு உதவும். அமிலத்தில் அது அடர் இளஞ்சிவப்பாகவும், காரத்தில் பச்சையாகவும் மாறும்.

சோதனை 2: ஒரு ஸ்பூன் சோடாவில் எவ்வளவு வாயு?

சமையல் சோடாவில் வினிகர் ஊற்றினால் நுரை பொங்கும். வெளியே வருவது கார்பன் டை ஆக்சைடு. அகலமான டம்ளரில் இதைச் செய்து, எரியும் தீக்குச்சியை நுரைக்கு மேலே கொண்டுபோனால் அணைந்துவிடும். இந்த வாயு காற்றைவிடச் சுமார் ஒன்றரை மடங்கு கனம் என்பதால், டம்ளருக்குள்ளேயே தங்குகிறது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 84 கிராம் சமையல் சோடா முழுதாக வினைபுரிந்தால், அறை வெப்பநிலையில் சுமார் 24 லிட்டர் வாயு வரும். அப்படியென்றால், ஒரு டீஸ்பூன் அளவான 5 கிராமுக்கு ஏறக்குறைய 1.4 லிட்டர்! இதை அரை லிட்டர் பாட்டிலில் போட்டு மூடியை இறுக்கினால் என்ன ஆகும்? பாட்டில் வெடிக்கலாம். எனவே, இந்தச் சோதனையை எப்போதும் திறந்த பாத்திரத்தில் மட்டுமே செய்ய வேண்டும்.

சோதனை 3: பாலில் மாவு கலந்திருக்கிறதா?

இது விளையாட்டுச் சோதனை மட்டுமல்ல. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையமே வீட்டில் செய்து பார்க்கச் சொல்லும் முறை. 2 முதல் 3 மில்லி பாலை 5 மில்லி தண்ணீருடன் கொதிக்கவைத்து, ஆறவிடுங்கள். பிறகு, மருந்துக் கடையில் கிடைக்கும் டிங்க்சர் அயோடினில் 2-3 சொட்டு விடுங்கள். நீல நிறம் வந்தால் பாலில் ஸ்டார்ச், அதாவது மாவுச்சத்து, சேர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நீலம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள, முதலில் ஆறிய சோற்றுக் கஞ்சியில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். சோதித்த பாலைக் கண்டிப்பாகக் கொட்டிவிட வேண்டும்.

எதைக் கலக்கவே கூடாது?

அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பும் நீரும் கிடைக்கும் என்று பள்ளியில் படித்திருப்போம். பிளீச் ஒரு காரம். டாய்லெட் கிளீனர் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். 'ரெண்டையும் சேர்த்தா நடுநிலை ஆயிடும், இன்னும் நல்லா சுத்தமாகும்' என்று தோன்றுவது இயல்புதான். ஆபத்தே அங்கேதான் இருக்கிறது.

பிளீச்சில் இருப்பது சோடியம் ஹைப்போகுளோரைட். அமிலம் பட்டதும் அதிலிருந்து குளோரின் வாயு வெளியேறும். முதல் உலகப் போரில், 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்பர் நகருக்கு அருகே ஜெர்மனி ஆயுதமாகப் பயன்படுத்திய அதே வாயு. காற்றைவிடச் சுமார் இரண்டரை மடங்கு கனமான இது, ஜன்னல் மூடிய சின்னக் குளியலறையில் தரையோடு தேங்கி நிற்கும். கண்ணும் தொண்டையும் எரியும், நுரையீரல் பாதிக்கப்படும்.

* பிளீச் அல்லது பிளீச்சிங் பவுடருடன் டாய்லெட் கிளீனரைக் கலக்கக் கூடாது. வினிகர், எலுமிச்சையும் கூடாது. அவையும் அமிலங்களே.
* அமோனியா உள்ள கிளீனர்களுடனும் பிளீச் சேரக் கூடாது. குளோரமைன் என்ற நச்சு வாயு வரும்.
* சுண்ணாம்பை, வெற்றிலைக்குப் போடுவதாக இருந்தாலும், குழந்தைகள் கையில் கொடுக்கக் கூடாது. கண்ணில் பட்டால் பார்வையே பாதிக்கப்படலாம்.

தவறுதலாகக் கலந்துவிட்டால்?

உடனே வெளியே, காற்றோட்டமான இடத்துக்கு வந்துவிடுங்கள். சுத்தம் செய்கிறேன் என்று மறுபடி உள்ளே போகாதீர்கள். இருமலோ மூச்சுத்திணறலோ இருந்தால் 112-ஐ அழையுங்கள். கண்ணில் எந்த ரசாயனம் பட்டாலும், கசக்காமல், ஓடும் சுத்தமான தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கடைசியாக, பிள்ளைகளோடு சேர்ந்து செய்யக்கூடிய நான்காவது சோதனை ஒன்று. இதற்கு எதையும் கலக்க வேண்டாம். குளியலறை அலமாரியில் உள்ள ஒவ்வொரு பாட்டிலின் லேபிளையும் படித்து, எதில் அமிலம், எதில் ஹைப்போகுளோரைட் என்று பட்டியல் போடுங்கள். பிறகு அந்த இரண்டையும் ஒரே தட்டில் வைக்காமல், தனித்தனியே பூட்டி வையுங்கள். வீட்டு வேலைக்கு வருபவர்களிடமும் இதைச் சொல்லிவிடுங்கள். பல வீடுகளில் அந்தப் பாட்டில்களை அதிகம் கையாளுவது அவர்கள்தான்.