டயாலிசிஸும் உடற்பயிற்சியும்

சிறுநீரகங்கள் செயலிழந்தவருக்கு வாரம் இரண்டு மூன்று நாள், தடவைக்குச் சுமார் 4 மணி நேரம், இயந்திரம்தான் இரத்தத்தைச் சுத்தம் செய்கிறது. அவ்வளவு நேரமும் படுக்கைதான். ஆம்பூரிலிருந்து வேலூர் வந்து போகிறவர் என்றால் பஸ் அலுப்பும் சேரும். வீடு திரும்பியதும் படுத்தால் போதும் என்றிருக்கும். மறுநாளும் 'உடம்பு முடியாதவர்' என்று வீட்டார் ஒரு குடத்தைக்கூடத் தொட விடுவதில்லை. இரத்தசோகை, புரதக் குறைவு, உடலில் தேங்கும் அமிலம் ஆகியவற்றால் ஏற்கெனவே கரைந்துவரும் தசை, இந்த அன்பினால் இன்னும் வேகமாகக் கரைகிறது.

இந்தியாவில் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சைக்கு வழிகாட்டியது வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை. அங்கே 1971இலேயே அது வெற்றிகரமாக நடந்தது. ஆனால் பொருத்தமான கொடையாளி எல்லோருக்கும் அமைவதில்லை. பலருக்கு ஆண்டுக்கணக்கில் டயாலிசிஸ்தான் வாழ்க்கை.

அப்படியானால், கரையும் தசையைக் காக்க நடை பலன் தருமா? இத்தாலியில் டயாலிசிஸ் இல்லாத நாட்களில், ஒருநாள் விட்டு ஒருநாள், 10 நிமிடம் வீதம் இருவேளை நடக்கவைத்துப் பார்த்தார்கள். ஆறு மாதத்தில், 6 நிமிடத்தில் கடக்கும் தூரம் சராசரியாக 328 மீட்டரிலிருந்து 367 மீட்டராகக் கூடியது. 2017இல் முடிவு வெளியானது. ஜெர்மனியில் டயாலிசிஸ் வேளையிலேயே பயிற்சி தந்தபோது, ஒரு நிமிடத்தில் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் எண்ணிக்கை உயர்ந்தது. பயிற்சி பெறாதவர்களுக்குக் குறைந்தது. பிரிட்டனில் படுக்கையிலேயே சைக்கிள் மிதித்தவர்களின் வாழ்க்கைத் தரமோ அப்படியொன்றும் மாறவில்லை. ஆக, இது சர்வரோக நிவாரணி அல்ல. ஆனாலும் கழிப்பறைக்குத் துணையின்றி எழுந்து போக முடிவது சின்ன விஷயமா?

கையில் தமனியையும் சிரையையும் இணைத்து அமைக்கும் ஃபிஸ்டுலாவுக்கும் பயிற்சி உண்டு. புண் ஆறியபின் மென்பந்தைப் பிசையச் சொல்வார்கள். விரல் வைத்தால் பூனை உறுமுவதுபோல் அதிர வேண்டும். அதிர்வு நின்றால் உடனே ஆஸ்பத்திரி. அந்தக் கையில் பி.பி. பார்ப்பதோ கனத்த பையை மாட்டுவதோ கூடாது.

படுக்கையிலேயே செய்யும் பயிற்சிக்கு முதல் இரண்டு மணி நேரம் ஏற்றது. பிறகு இரத்த அழுத்தம் இறங்கக்கூடும். வேலூர்க் கோடையில் விடியலிலேயே நடந்துவிடுவது நல்லது. வியர்த்துவிட்டதே என்று அளவுக்கு மீறித் தண்ணீர் குடிக்க முடியாது. வழியில் இளநீர்க் கடையையும் தாண்டிப் போக வேண்டும்: அதிலுள்ள பொட்டாசியம் இதயத் துடிப்பையே தாறுமாறாக்கலாம். டயாலிசிஸ் ஒன்றைத் தவறவிட்டவரும், மூச்சிரைப்போ நெஞ்சுவலியோ உள்ளவரும் மருத்துவரைக் கேட்காமல் நடையைத் தொடங்கக் கூடாது.