குறைந்த செலவில் நிறைந்த ஓசை

1930ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், அமெரிக்க நாட்டின் அத்திலாந்திக் நகரிலே வானொலிப் பெட்டி உற்பத்தியாளர்களின் மாநாடு கூடியது. மண்டபத்தினுள்ளே பெரிய கம்பனிகள் தத்தம் பெட்டிகளை அழகுறப் பரப்பி வைத்திருந்தன. உள்ளே ஓர் இடம் எடுப்பதற்கு வேண்டிய பணம் இல்லாத ஒருவர், தமது ஸ்டூடபேக்கர் காரை மண்டபத்துக்கு வெளியே நிறுத்தி, அதனுள் பொருத்தியிருந்த வானொலியை உரக்க ஒலிக்கவிட்டார். அவ்வழியே சென்ற வியாபாரிகள் நின்று கேட்டனர். மாநாடு முடிந்து அவர் ஊர் திரும்பியபோது, தொழிலைத் தொடர்ந்து நடத்துவதற்குப் போதிய கொள்வனவுக் கட்டளைகள் அவர் கையில் இருந்தன. அவர் பெயர் போல் கல்வின். இன்று உலகெங்கும் கார்களில் ஒலிக்கும் இசைக்கருவியின் வரலாறு, பெருஞ் செல்வர் எவரிடமும் தொடங்கவில்லை. இடவாடகை கொடுக்க இயலாத இவரைப் போன்றவர்களிடமே தொடங்கிற்று.

கல்வின் அதற்கு முன்னர் பற்றரித் தொழிலிலே நட்டப்பட்டவர். 1928இல் சிக்காகோ நகரில், தம் சகோதரர் யோசப்புடன் சேர்ந்து, ஐந்து தொழிலாளரையும் 565 டொலர் பணத்தையும் கொண்டு புதியதொரு தொழிலை ஆரம்பித்தார். பற்றரியால் இயங்கிய வானொலிகளை வீட்டு மின்சாரத்தால் இயங்கச் செய்யும் கருவியே அவரது முதற் பொருள். ஆனால் வீட்டு மின்சாரத்தில் நேராகவே இயங்கும் வானொலிகள் பெருகியதும் அக்கருவிக்குத் தேவை அற்றுப்போயிற்று. 1929 ஒக்ரோபரில் பங்குச் சந்தை வீழ்ந்து, நாடெங்கும் பொருளாதார நெருக்கடி சூழ்ந்தது. பிழைப்பதற்கு வேறு வழி தேடவேண்டிய அந்நிலையிலேதான் காருக்கு ஏற்ற வானொலி என்னும் எண்ணம் அவருக்குக் கைகொடுத்தது.

காரில் வானொலி வைக்கும் முயற்சி அதற்கு முன் இல்லாமல் இல்லை. 1920களின் தொடக்கத்திலேயே சிலர் முயன்றனர். எனினும் மூன்று தடைகள் குறுக்கே நின்றன. அக்காலத்து வானொலியின் வால்வுகளுக்கு உயர்ந்த மின்னழுத்தம் வேண்டும். காரின் பற்றரியோ 6 வோல்ற் மாத்திரமே தந்தது. எஞ்சினில் எரிபொருளைப் பற்றவைக்கும் மின்பொறி, வானொலியிலே கரகரவென்ற இரைச்சலாகக் கேட்டது. கரடுமுரடான வீதிகளின் குலுக்கம் மென்மையான வால்வுகளைப் பாழாக்கியது. கல்வினும், அவருடன் உழைத்த வில்லியம் லியர், எல்மர் வேவரிங் ஆகியோரும் இத்தடைகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தனர். உயர்ந்த மின்னழுத்தத்துக்கெனத் தனிப் பற்றரிகளைக் காரின் தரைக்குக் கீழே வைத்தனர். இரைச்சலை அடக்கும் தடுப்பிகளை எஞ்சினின் மின்பொறிக் கருவிகளிலே பூட்டினர். மோட்டார் என்னும் சொல்லைத் தழுவி, தம் வானொலிக்கு ‘மோட்டோறோலா’ என்று கல்வின் பெயரிட்டார். 1947இல் கம்பனியின் பெயரும் அதுவே ஆயிற்று.

இங்கே கவனிக்கத்தக்க உண்மை ஒன்று உண்டு. அந்த வானொலி காருடன் பிறந்ததன்று. வாங்கி ஓட்டிக்கொண்டிருந்த காரிலே, பின்னர் துளையிட்டும் கம்பியிழுத்தும் பொருத்தப்பட்டது. அதனைப் பொருத்துவதற்கு நாட்கணக்கில் உழைக்கவேண்டியிருந்தது. விலையும் எளியதன்று; 540 டொலர் வரையில் ஒரு போர்ட் காரே வாங்கத்தக்க காலத்தில், வானொலிக்கு 110 முதல் 130 டொலர் வரை சென்றது. ஐரோப்பாவிலும் நிலை இதுவே. 1932இல் ஜேர்மனியின் புளௌபுங்க்ற் கம்பனி வெளியிட்ட கார் வானொலியின் விலையும் மிக உயர்ந்தது. ஒரு சிறிய காரின் விலையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு.

கார் உற்பத்தியாளர்களும் விரைவில் இத்துறையில் இறங்கினர். 1936இல் ஜெனரல் மோட்டார்ஸ், இந்தியானா மாநிலத்துக் கொக்கோமோ நகரில் டெல்கோ வானொலிப் பிரிவை நிறுவியது. அந்நாள் முதல் இரண்டு வழிகள் பக்கம் பக்கமாக வளர்ந்தன. ஒன்று, தொழிற்சாலை காருடன் சேர்த்துத் தருவது. மற்றையது, உரிமையாளர் தமது வசதிக்கேற்பப் பின்னர் மாற்றிக்கொள்வது. 1955இல் கிறைஸ்லர் கம்பனி, பில்கோவுடன் சேர்ந்து, வால்வே இல்லாது முழுவதும் திரான்சிஸ்டர்களால் ஆன கார் வானொலியை அறிவித்தது. அதற்கு 150 டொலர் விலை. புதுமை தொழிற்சாலை வழியே வரும்போது, விலையும் அதனோடு ஏறி வந்தது.

இரு காதுக்கும் வெவ்வேறாக ஒலி வழங்கும் ஸ்டீரியோ முறையும் முதலிலே இரண்டாம் வழியாகவே காரினுள் பரவியது. பழைய கார் வியாபாரியாகப் பெயர்பெற்ற ஏள் மன்ற்ஸ் என்பவர், 1962இல் நாடாப்பெட்டியில் இசை தரும் கருவியைக் கார்களிலே பொருத்தி விற்கத் தொடங்கினார். அக்கருவியைக் கண்டு அதனைத் திருத்தியமைத்தவர், முப்பது ஆண்டுகளுக்கு முன் கல்வினுடன் உழைத்த அதே வில்லியம் லியர். அவருடைய எட்டுத்தட நாடாக் கருவியைப் போர்ட் கம்பனி 1965இல், 1966ஆம் ஆண்டுக்குரிய கார்களில் விருப்பப் பொருளாக வழங்கியது. 1963இல் பிலிப்ஸ் வெளியிட்ட சிறிய கசெற், காலப்போக்கில் அதனையும் பின்தள்ளியது.

எளியவருக்குப் பெருந்துணையாக அமைந்தது ஓர் அளவுகோல். காரின் முன்பலகையில் வானொலி அமரும் இடம் 180 மில்லிமீற்றர் அகலமும் 50 மில்லிமீற்றர் உயரமும் உடையதாக இருக்கவேண்டும் என்று ஜேர்மனியில் வகுக்கப்பட்ட நியமம், 1984இல் சர்வதேச நியமமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. எந்தக் கம்பனியின் கருவியும் எந்தக் காரிலும் பொருந்தும் என்ற நிலை அதனால் உருவாயிற்று. உற்பத்தியாளர் பலர் போட்டியிட்டனர், விலை குறைந்தது. பழைய காரை வைத்திருந்தவரும் புதிய காரின் ஓசையைப் பெற முடிந்தது.

ஆயினும், கருவியை மாற்றிவிட்டால் ஓசை தானே சிறக்கும் என்று எண்ணியவர் பலர் ஏமாந்தனர். தொழிற்சாலை, இலட்சக்கணக்கான கார்களைச் செய்வதால், ஒவ்வொன்றிலும் சிறிது மிச்சம் பிடிக்கப் பார்க்கும். அம்மிச்சம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இடத்திலேயே பிடிக்கப்படும். முன்பலகையிலே ஒளிரும் கருவி அழகாக இருக்கும். கதவினுள்ளே மறைந்திருக்கும் ஒலிபெருக்கியோ, சிறிய காந்தமும் மெல்லிய காகிதக் கூம்பும் கொண்டதாக இருக்கும். ஆகவே குறைந்த பணத்துடன் தொடங்குபவர் முதலிற் பார்க்கவேண்டியது ஒலிபெருக்கியையே.

இதற்குக் கணக்கும் சான்று தருகின்றது. கார்ப் பற்றரியில் நேரே இயங்கும் சாதாரணக் கருவி, 4 ஓம் தடையுள்ள ஓர் ஒலிபெருக்கிக்கு இடைவிடாது தரக்கூடிய வலு ஏறக்குறைய 20 வாற்றே. பெட்டியின் மேல் 50 என்று அச்சிட்டிருப்பது கணநேர உச்சத்தையே குறிக்கும். ஒரே வலுவைப் பெற்று 3 டெசிபெல் கூடுதலாக ஒலிக்கும் ஒலிபெருக்கியைப் பொருத்தினால், அம்பிளிபயரின் வலுவை இருமடங்காக்கிய பயன் கிட்டும். எனவே ஒலிபெருக்கியின் உணர்திறன் எத்தனை டெசிபெல் என்று கேட்டு வாங்குபவர், தனி அம்பிளிபயர் ஒன்றின் செலவைத் தவிர்க்கலாம்.

அடுத்தது கதவு. ஒலிபெருக்கியின் கூம்பு முன்னே காற்றைத் தள்ளும்போது பின்னே இழுக்கின்றது. பின்புறத்து அலை இடைவெளிகளின் வழியே முன்புறம் வந்து கலந்தால், தாழ்ந்த சுரங்கள் ஒன்றையொன்று அழித்துவிடும். கதவின் உட்தகட்டிலுள்ள துளைகளை மூடி, தகட்டின் அதிர்வை அடக்கும் விரிப்பை ஒட்டினால், அதே ஒலிபெருக்கி வேறொன்று போல ஒலிக்கும். மழைநீர் வடியக் கதவின் அடியிலே விடப்பட்ட துளைகளை மட்டும் மூடலாகாது. மூடினால் தகடு துருப்பிடித்துவிடும். செலவே இல்லாத திருத்தமும் ஒன்று உண்டு. இரண்டு ஒலிபெருக்கிகளில் ஒன்றின் கம்பிகள் மாறிப் பூட்டப்பட்டிருந்தால் தாழ்ந்த ஓசை குன்றிவிடும். அவற்றைச் சரியாக மாற்றிப் பூட்டினாலே போதும்.

குறைந்த வசதியுடையவர் கையாளத்தக்க ஒழுங்கு இதனாற் புலனாகும். முதலில் கம்பிகள், அடுத்து ஒலிபெருக்கி, பின்னர் கதவு. கருவியை மாற்றுவது இவற்றுக்குப் பின்னரே. கல்வினும் தோழரும் 1930இல் பின்பற்றிய முறையும் இதனின் வேறன்று. அவர்கள் காரை மாற்றவில்லை. இரைச்சல் எங்கே பிறந்ததோ அங்கே தடுப்பியைப் பூட்டினர்.

அண்மைக் காலத்தில் இவ்வரலாறு ஒரு திருப்பத்தை அடைந்துள்ளது. புதிய கார்கள் பலவற்றில் அந்த நியம இடமே இல்லை. இசையும், குளிரூட்டியும், வழிகாட்டும் படமும், காரின் வேறு பல அமைப்புகளும் ஒரே பெரிய திரையினுள் பிணைக்கப்பட்டுள்ளன. அதனைக் கழற்றினால் மற்றவையும் பழுதுறும். வசதிகள் பெருகியுள்ளன என்பதில் ஐயமில்லை. ஆனால் தாம் விலைகொடுத்து வாங்கிய பொருளைத் தம் கையாலும் ஊர்த் தொழிலாளி கையாலும் திருத்திக்கொள்ளும் உரிமை சுருங்கிவருகின்றது. நல்லோசை வேண்டுமெனில் விலைகூடிய காரையே வாங்குக என்று கூறும் நிலை வந்தால், கசெற்றும் நியம இடமும் எளியவருக்குத் திறந்துவிட்ட கதவு மீண்டும் அடைபடும்.

திரைக்குப் பின்னே எத்தனை நுட்பங்கள் மறைந்திருந்தாலும், முடிவில் காற்றை அதிரச் செய்வது கதவினுள் இருக்கும் ஒலிபெருக்கியே. அதனை இன்றும் பெரும்பாலான கார்களில் சில திருகாணிகளைக் கழற்றி மாற்ற முடிகின்றது. அத்திலாந்திக் நகரில் மண்டபத்துக்கு வெளியே நின்ற மனிதர் தொடக்கிவைத்த வழி, அந்தச் சில திருகாணிகளின் அளவிலேனும் இன்னும் திறந்தே இருக்கின்றது.