கடல்சார் மாநிலச் சட்டங்கள்: படகற்ற தலித் மக்களுக்கு என்ன உரிமை?

தமிழ்நாட்டில் கடலையும் கடல்வாழ் உயிர்களையும் காக்கும் முதன்மையான மாநிலச் சட்டம், தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், 1983. அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில் மீன்வளம் மாநிலப் பட்டியலில் உள்ளது. எனவே கரையிலிருந்து 12 கடல் மைல் வரையிலான நீர்ப்பரப்பில் சட்டம் இயற்றும் அதிகாரம் மாநிலத்தினுடையது. அதற்கு அப்பால் ஒன்றிய அரசினுடையது. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாதிருப்பதையும், 2000ஆம் ஆண்டில் சுருக்குமடி வலை தடை செய்யப்பட்டதையும் நாம் அறிவோம். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 12 கடல் மைலுக்கு அப்பால், வாரம் இரு நாட்கள் மட்டும், நிபந்தனைகளுடன் அவ்வலைக்கு இடைக்கால அனுமதி அளித்தது. எல்லைக்கோட்டின் பொருள் அந்த ஆணையில் தெளிவாகத் தெரியும்.

இச்சட்டம் நல்ல சட்டமே. கட்டுமரம், நாட்டுப்படகு கொண்டு தொழில் செய்வோரின் நலனைக் கருத்தில் கொள்ள வேண்டும் என அது அரசைப் பணிக்கிறது. ஆனால் அதன் பார்வை கடலை நோக்கியே இருக்கிறது. படகும் வலையும் இல்லாமல், கரைக்குப் பின்னால் உள்ள வயலில் கூலி வேலை செய்யும் தலித் குடும்பமோ, கழிமுகத்தில் கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர் பழங்குடியினரோ அதன் கண்ணில் படுவதில்லை.

இந்த இடைவெளி என்ன விளைவை ஏற்படுத்தும் என்பதை 1990களின் நாகப்பட்டினம் பகுதி காட்டியது. ஏற்றுமதிக்காக இறால் வளர்க்கும் நிறுவனங்கள் கடலோர விளைநிலங்களை வாங்கிக் குளங்களாக்கின. கடல்நீர் உள்ளே இறைக்கப்பட்டது. உப்பு மண்ணில் கசிந்து பக்கத்து வயலையும் குடிநீர்க் கிணற்றையும் கெடுத்தது. தீவன எச்சமும் வேதிப்பொருளும் கலந்த கழிவுநீர் மீண்டும் கடலுக்கும் வாய்க்காலுக்கும் போயிற்று. நிலத்தை விற்றவருக்குப் பணம் கிடைத்தது. அந்த நிலத்தில் நடவும் அறுவடையும் செய்து பிழைத்த நிலமற்ற தலித் கூலிகளுக்கு எதுவும் கிடைக்கவில்லை. நெல்வயலுக்குத் தேவைப்படும் கைகளில் சிறு பங்குகூட இறால் குளத்திற்குத் தேவையில்லை. 1968இல் 44 தலித் மக்கள் எரித்துக் கொல்லப்பட்ட கீழ்வெண்மணியும் இதே மண்ணில்தான் உள்ளது என்பதை மாணவர்கள் நினைவில் கொள்ளவேண்டும். கூலி கேட்டுப் போராடிய மக்களிடமிருந்து, கூலி வேலையே பறிபோன காலம் அது.

நிலமற்ற தலித் பெண்களுக்கு நிலம் பெற்றுத்தரும் லாஃப்டி அமைப்பைக் கிருஷ்ணம்மாளுடன் சேர்ந்து 1981இல் தொடங்கிய எஸ். ஜகந்நாதன் இதனை உச்ச நீதிமன்றத்திற்குக் கொண்டு சென்றார். வழக்கு நிலுவையில் இருந்தபோதே மாநில அரசு தமிழ்நாடு நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 1995ஐ இயற்றியது. உரிமம் பெற்றால் பண்ணை நடத்தலாம் என்பதே அதன் சாரம். 1996 டிசம்பர் 11 அன்று வந்த தீர்ப்பு இந்த அணுகுமுறையை ஏற்கவில்லை. ஒன்றியச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், 1986இன் கீழ் வெளியான 1991ஆம் ஆண்டுக் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையே மேலோங்கும் என்றது நீதிமன்றம். மண்டலத்திற்குள் உள்ள இறால் பண்ணைகளை 1997 மார்ச் 31க்குள் அகற்றவும், மாசுபடுத்தியவரே இழப்பீடு தரவும் ஆணையிட்டது. பண்ணைகளில் வேலை இழக்கும் தொழிலாளருக்கு ஆறு ஆண்டுக் கூலியும் வழங்கச் சொன்னது.

தீர்ப்பு முழுமையாக நிறைவேறவில்லை. மறுஆய்வு மனுக்களால் இடிப்பு நின்றது. கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம், 2005 பதிவு பெற்ற பண்ணைகளைக் கடற்கரை மண்டலத் தடையிலிருந்து விடுவித்தது; 2023இன் திருத்தம் பதிவின்றிப் பண்ணை நடத்துவோருக்கான சிறைத் தண்டனையையும் நீக்கி அபராதம் மட்டும் வைத்தது. நீதிமன்றத்தில் வென்றதை நாடாளுமன்றத்தில் இழந்த கதை இது என்பேன்.

காடாம்புலியூர், நெய்வேலி வட்டாரத்து வாசகர்களுக்கு இது தொலைவான செய்தியாகத் தோன்றலாம். நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து வெளியேற்றப்படும் நீர் பரவனாற்றின் வழியாகக் கடலூர்க் கடலையே சேர்கிறது. மீன்பிடிச் சட்டத்தால் அதைக் கேள்வி கேட்க முடியாது. நீர் மாசு தடுப்புச் சட்டம், 1974 கேட்கும். அச்சட்டத்தின் 2(ஞ) பிரிவில் "நீரோடை" என்ற சொல் ஆற்றையும் நிலத்தடி நீரையும் நேரடியாக உள்ளடக்குகிறது. கடலை மட்டும் மாநில அரசு அறிவிக்கும் எல்லை வரையே சேர்க்கிறது. ஆகவே கடலில் மீன் செத்த பிறகு புகார் எழுதுவதைவிட, ஆற்றிலேயே நீர் மாதிரி எடுக்கக் கோரி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திற்கு எழுதுவது சட்டப்படி வலுவானது.

இன்னொரு சட்டம் உண்டு. சுற்றுச்சூழல் வழக்குகளில் அதனை நாம் போதுமான அளவு எண்ணிப் பார்ப்பதில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1) பிரிவு, பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ வழக்கமாகப் பயன்படுத்தும் நீர்நிலையைக் கெடுப்பதைக் குற்றமாக்குகிறது. நிலம், நீர் மீதான அவர்களின் உரிமையில் குறுக்கிடுவதும், பயிரை அழிப்பதும் அதே பிரிவில் குற்றங்களே. ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. சேரிக் கிணறு உவர்ந்தால் முதலில் புரட்ட வேண்டிய பக்கம் இது. கிணறு யார் பயன்பாட்டில் இருந்தது, எப்போது உவர்ந்தது, குற்றம் சாட்டப்பட்டவர் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சாராதவர் ஆகியவற்றை நிறுவ வேண்டும். பழைய நீர்ப் பரிசோதனை அறிக்கை, ஊராட்சித் தீர்மானம், மனு கொடுத்த ரசீது எதையும் தொலைத்துவிடக் கூடாது.

இழப்பீடு கோரிச் சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வை அணுகப் பாதிப்பு முதலில் எழுந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டு அவகாசம் உண்டு. மாசை நிறுத்தக் கோரும் மனுவுக்கோ ஆறு மாதமே. தகுந்த காரணம் காட்டினால் இரண்டிலும் மேலும் 60 நாட்கள் கிடைக்கும்.